காற்று பிரிந்ததா, ஐயா?

என் மாமனாருக்குக் காற்று பிரிய வேண்டும் என்று என் மனைவி வேண்டாத தெய்வம் இல்லை. கேட்டால் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் முன்பு சிரிக்கிற கட்சியில்தான் இருந்தேன். ஆண்கள் அறுவைசிகிச்சை வார்டில், ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தது.

மாமா மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை, படிய வாரிய தலை, தணிந்த குரல். வாடிக்கையாளரின் மூக்கில் கண்ணாடியை வைத்துப் பார்ப்பதற்கு முன்னால்கூட "தொடலாமா?" என்று கேட்கிற ஆள். அவருக்கு ஒரே பெண். அவளைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு, நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் அவர் எழுந்து நிற்பார். நான் உட்காரும்வரை அவர் உட்காரமாட்டார். பெரியவர் நிற்கும்போது நான் எப்படி உட்காருவது? நானும் நிற்பேன். கடைசியில் மாமியார் சமையலறையிலிருந்து, "ரெண்டு பேரும் பஸ்ஸுக்கா நிக்கறீங்க? உட்காருங்களேன்!" என்று சத்தம் போட்ட பிறகு, நாற்காலியின் நுனியில் ஆளுக்கொரு பக்கம் உட்காருவோம்.

கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதை ஒரு தீப்பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். வாங்க மாப்பிள்ளை. சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை. மழை வரும் போலிருக்கு மாப்பிள்ளை. அவர் தங்கமான மனிதர். நானும் ஒன்றும் கெட்டவன் இல்லை. மரியாதை என்ற ஒன்று மட்டும் எங்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

என் தொழில் இதற்கு நேர் எதிர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். காலையிலிருந்து இருட்டும்வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எனக்கென்று வைத்த தனி பிரேக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "கிளட்சைப் பொறுமையா விடுங்க... பொறுமையா... ஐயோ, பொறுமையான்னு சொன்னேனே!" என்று கத்துவது என் பிழைப்பு. டாக்டர், வக்கீல், போலீஸ்காரர் எல்லோரும் என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆனால் மாமனார் வீட்டு வாசற்படியை மிதித்தால் என் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

அவருக்கு வயிற்றுவலி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோதுதான். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்த்து, "ஒண்ணுமில்லை மாப்பிள்ளை, நீங்க சாப்பிடுங்க" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தார். முகம் கழுவித் தலையைச் சீவிக்கொண்டு வந்து மறுபடி எனக்கு எதிரே உட்கார்ந்தார். வயிறு பானைபோல் உப்பியிருந்தது. என் மனைவி பார்த்துவிட்டு, "அப்பா, கிளம்புங்க" என்றாள். நான் காரைக் கிளப்பினேன். பயிற்சி வண்டி என்று கூரைமேல் எழுதிய பலகையோடு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றோம்.

அறுவைசிகிச்சை செய்கிற டாக்டரம்மாவுக்கு உயரம் குறைவு, குரல் கணீர். ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எங்களிடம் கேட்டார்.

"ஐயாவுக்கு முன்னாடி வயித்துல ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி குடல்வால் எடுத்தாங்களாம்," என்றாள் என் மனைவி.

"அதுதான். வயித்தைத் திறந்து மூடினா உள்ளேயும் தழும்பு வரும். அந்தத் தழும்பு சில பேருக்கு நாரு மாதிரி வளர்ந்து, குடலைக் குடலோடயும், குடலை வயித்துச் சுவரோடயும் ஒட்டிவிட்டுடும். எத்தனையோ வருஷம் சும்மா இருக்கும். திடீர்னு ஒருநாள் அந்த நாருல குடல் மாட்டி மடங்கிக்கும். ஐயாவுக்கு இப்ப அப்படித்தான் மாட்டியிருக்கு. மேலேருந்து எதுவும் கீழே போகமுடியலை. திறந்து அந்த ஒட்டலையெல்லாம் பிரிச்சு விடணும். அட்ஹீஷியோலைசிஸ்னு சொல்லுவோம்."

அந்தப் பேரை நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பாதியில் நாக்கு கியர் மாறாமல் நின்றுவிட்டது. பிறகு உறவுக்காரர்கள் போன் செய்து என்ன ஆபரேஷன் என்று கேட்டபோதெல்லாம், "குடல் ஒட்டிக்கிச்சு, பிரிக்கறாங்க" என்று சொன்னேன். இதைக் கேட்டு மாமியாருக்கு வந்ததே கோபம்!

"குடல் ஒட்டிப்போச்சுன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே மாப்பிள்ளை, கேக்கறவங்க என்ன நினைப்பாங்க? நான் அவருக்குச் சோறே போடலைன்னு நினைக்கமாட்டாங்களா?"

அன்றிலிருந்து, ஆங்கிலப் பேரைச் சொல்ல வராவிட்டாலும் சொல்லித் தொலைத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெளியே வந்த டாக்டரம்மா முகக்கவசத்தைக் கீழே இறக்கி, "ஒரு இடத்துலதான் கெட்டியா இறுக்கியிருந்தது. பிரிச்சு விட்டுட்டேன். குடல் கறுக்கலை, வெட்டி எடுக்கவேண்டிய அவசியம் வரலை" என்றார். என் மனைவி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் டாக்டரம்மாவைக் கும்பிட்டேன். பக்கத்தில் நின்ற காவலாளியையும் சேர்த்துக் கும்பிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். "குடல் இப்ப மயக்கத்துல கிடக்கு. அது முழிச்சு வேலையை ஆரம்பிக்கணும். ஆரம்பிச்சதுக்கு அடையாளம், காத்து பிரியணும். அதுவரைக்கும் வாய் வழியா எதுவும் குடுக்கக்கூடாது. தண்ணிகூட."

இப்படித்தான் நான் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன். ஆண்கள் வார்டில் துணைக்கு ஆண்தான் இருக்கலாம், பெண்கள் பார்வை நேரத்தில் மட்டும் வரலாம் என்பது அங்கே சட்டம். வீட்டில் இருக்கிற ஒரே ஆண்பிள்ளை நான்தான். பயிற்சிக்கு வருகிறவர்களை நண்பன் ஒருவனிடம் தள்ளிவிட்டு, ஒரு தலையணையும் ஒரு பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

வெளியே மனிதர்கள் எதற்கு வெட்கப்படுகிறார்களோ, அதற்கு அந்த வார்டில் தனி மதிப்பு. பக்கத்துப் படுக்கையில் ஒரு லாரி டிரைவர். குடலிறக்கத்துக்குத் தைத்திருந்தார்கள். டாக்டரம்மா வார்டுக்குள் காலடி எடுத்து வைப்பதற்குள் அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

"டாக்டரம்மா, விடியக்காலை ஒண்ணு, இப்பத்தான் ஒண்ணு! ரெண்டாவது கொஞ்சம் நீளம்!"

வார்டே சிரிக்கும். நர்ஸும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார். அன்று மத்தியானமே அவருக்கு சூப் வந்துவிட்டது. கிண்ணத்தை உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்து, "உங்க மாமனாருக்கு இன்னும் வரலையா சார்? குசு விடறதுல என்ன சார் கஷ்டம்? நானா இருந்தா கடன் குடுத்திருப்பேன்" என்றார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டது.

மாமாவின் மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு குழாய் போயிருந்தது. அதன் மறுமுனையில் தொங்கிய பையில் பச்சையாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. கையில் சொட்டு மருந்து. உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஈரப் பஞ்சால் நான் துடைத்துவிட்டால், "உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை சிரமம்" என்பார். நர்ஸ் சொன்னபடி நடக்க வைப்பேன். ஒரு கையில் சொட்டு மருந்து ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு, இன்னொரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் திறந்திருக்கிற ஆஸ்பத்திரி அங்கியை என் கண்ணில் படாமல் மறைத்தபடி சுவரோரமாக நடப்பார். அந்த நிலைமையிலும் கதவு வந்தால் ஒதுங்கி, "நீங்க முன்னாடி போங்க மாப்பிள்ளை" என்பார். முன்னாடி நான் எங்கே போவது?

நான் அவரை விட்டு நகரவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆளைக் கவனிப்பது எனக்குப் பழகிப்போன வேலை. அவர் புரண்டால் எழுந்து நிற்பேன், முனகினால் குனிந்து பார்ப்பேன். பல் விளக்க, டீ குடிக்க என்று எழுந்து போனால்கூட ஓடிப்போய் ஓடி வருவேன். இந்த மாதிரி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான் என்று மற்ற படுக்கைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், கேட்க இனிப்பாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு முறை டாக்டரம்மா வரும்போதும் அதே கேள்வி. அவர் பின்னால் நோட்டும் பேனாவுமாக நாலைந்து பயிற்சி டாக்டர்கள்.

"என்ன ஐயா, காத்து பிரிஞ்சுதா?"

மாமா என்னைப் பார்ப்பார். பிறகு கூரையைப் பார்ப்பார். பிறகு, இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டுவார்.

நான் பக்கத்தில் நின்று, "இல்லை டாக்டர், நான் இங்கேயேதான் இருக்கேன், எதுவும் ஆகலை" என்று சாட்சி வேறு சொல்வேன். டாக்டரம்மா வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பார். புருவம் சுருங்கும். போய்விடுவார்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, காலையில் அப்படித் தலையாட்டி முடிந்ததும் டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"எனக்கு இது பிடிக்கலை. வயித்துல சத்தம் லேசா கேக்குது, ஆனா அதை மட்டும் நம்பமுடியாது. உப்பல் முழுசா வடியலை. இந்நேரம் பிரிஞ்சிருக்கணும். பிரிச்சு விட்ட குடல் திரும்ப எங்கேயாவது ஒட்டியிருக்கலாம், இல்லை புதுசா மடங்கியிருக்கலாம். சாயங்காலம் வரைக்கும் பார்க்கறேன். அப்பவும் இல்லேன்னா ஸ்கேன். அதுலயும் சந்தேகமா இருந்தா, மறுபடி திறக்கவேண்டியதுதான்."

"மறுபடியுமா டாக்டர்?"

"இந்த வயசுல ரெண்டாவது தடவை திறக்கறது சின்ன விஷயம் இல்லை. அதனாலதான் முன்கூட்டியே சொல்றேன். வீட்டுல பேசி வைங்க."

உள்ளே திரும்பி வந்து, எதுவும் நடக்காததுபோல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"டாக்டர் என்ன சொன்னாங்க மாப்பிள்ளை?"

"நல்லா இருக்கீங்கன்னு சொன்னாங்க மாமா."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நோயாளியிடம் கெட்ட சேதியைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் எழுதாத விதி. சம்பந்தப்பட்டவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

பார்வை நேரத்தில் மனைவி வந்தாள். வராந்தாவின் கடைசியில், டீ மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து அவளிடம் சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது. "நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு" என்றேன். "ராத்திரி பகல் பார்க்காம பக்கத்துலயேதான் உட்கார்ந்திருக்கேன்."

அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"பக்கத்துலயேவா?"

"பின்னே?"

"டாக்டர் கேக்கும்போதும் பக்கத்துலதான் நிப்பீங்களா?"

"ஆமா. நான்தானே பதில் சொல்றேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம். "ஏங்க, எங்கப்பா உங்க முன்னாடி என்னிக்காவது ஏப்பம் விட்டிருக்காரா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

"தும்மியிருக்காரா?"

அதுவும் இல்லை.

"நீங்க வீட்டுல இருந்தா, தும்மல் வந்தா பின்பக்கம் போயிடுவாரு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவாரு. நான் சின்னப் பிள்ளையிலேருந்து பார்க்கற மனுஷன்ங்க. இவரு மாப்பிள்ளை முன்னாடி, அத்தனை டாக்டருங்க நடுவுல, ஆமாம் பிரிஞ்சுதுன்னு சொல்லுவாருன்னு நினைக்கறீங்களா? வயித்தைக் கிழிச்சாலும் சொல்லமாட்டாரு!"

வயிற்றைக் கிழிக்கத்தானே போகிறார்கள்! நாலு நாளாக அவருக்குப் பக்கத்தில் காவல் தெய்வம் மாதிரி உட்கார்ந்து, இல்லை இல்லை என்று சாட்சியும் சொல்லி, காரியத்தைக் கெடுத்தவன் நானேதானா? அப்படி இருந்தால் நல்லதுதான் என்று உடனே தோன்றியது. நான் முட்டாளாக இருந்துவிட்டுப் போகிறேன், அவர் குடல் நன்றாக இருக்கட்டும்.

"நீ போய்க் கேளு," என்றேன்.

"என்கிட்டயா? பெத்த பொண்ணுகிட்ட சொல்லுவாரா? நீங்க வேற."

"அப்ப அத்தையை வரச்சொல்லு."

"அம்மாவுக்கு முட்டிவலி, படியேற முடியாது. போன்ல கேட்டா நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு பேசவே மாட்டாரு." என் தோளைப் பிடித்து வார்டுப் பக்கம் திருப்பிவிட்டாள். "நீங்கதான் கேக்கணும். மாப்பிள்ளை மாதிரி கேக்காதீங்க. உங்க வண்டியில வந்து உட்கார்றவங்ககிட்ட எப்படிக் கேப்பீங்களோ அப்படிக் கேளுங்க."

உள்ளே போனேன். மாமா வழக்கம்போல் என்னைக் கண்டதும் படுக்கையில் எழுந்து உட்காரப் பார்த்தார். லாரி டிரைவர் போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியை இழுத்து நெருக்கமாகப் போட்டுக்கொண்டேன்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க மாப்பிள்ளை."

"வந்து... டாக்டரம்மா தினமும் கேக்கறாங்களே..."

"மழை வரும் போலிருக்கே," என்றார் ஜன்னலைப் பார்த்து. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"மாமா, காத்து பிரிஞ்சுதா இல்லையா?"

"அதெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை இப்போ? நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க."

அவ்வளவுதான். பதினான்கு வருஷமாக வாசற்படியில் கழற்றி வைத்துவிட்டு வந்த கோபம் மொத்தமும் வந்துவிட்டது. "மாமா!" என்று நான் போட்ட சத்தத்தில் லாரி டிரைவர் போர்வையை உதறிக்கொண்டு எழுந்தார். "விளையாடற நேரமா இது? நீங்க இல்லைன்னு சொன்னா, உள்ளே குடல் திரும்ப ஒட்டிக்கிச்சுன்னு டாக்டர் நினைக்கறாங்க. சாயங்காலம் ஸ்கேன் எடுத்து, சந்தேகமா இருந்தா மறுபடி வயித்தைத் திறக்கப்போறாங்க. தெரியுமா உங்களுக்கு?"

மாமாவின் வாய் திறந்தபடி நின்றது.

"மறுபடியுமா? யாரு சொன்னது?"

"டாக்டர்தான். காலையில."

"நல்லா இருக்கேன்னு சொன்னாங்கன்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன். நீங்க பயந்துடுவீங்கன்னு."

அவர் போர்வையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எச்சிலை விழுங்கக் கஷ்டப்பட்டார், குழாய் தொண்டையை உறுத்தியிருக்கும். பிறகு, காது வைத்தால்தான் கேட்கும் என்கிற குரலில் ஆரம்பித்தார்.

"நேத்து... நீங்க டீ குடிக்கப் போனீங்களே..."

"ஆமா?"

"அப்போ ஒரு தடவை."

நான் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தேன்.

"இன்னிக்குக் காலையில, நீங்க பல் விளக்கப் போனப்போ ஒரு தடவை. அப்புறம் நீங்க டாக்டரோட வெளியே போனப்போ..." அவர் முகம் செக்கச் சிவந்தது. "அது கொஞ்சம் பெரிசு."

"அப்போ டாக்டர் கேட்டப்போ ஏன் மாமா இல்லைன்னு தலையாட்டினீங்க?"

"நீங்க பக்கத்துல நின்னீங்களே மாப்பிள்ளை!"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து எனக்கு மூக்கடைத்துக்கொண்டது. "சார், அதான் நான் அப்பவே சொல்லலாம்னு நினைச்சேன்," என்று ஆரம்பித்த லாரி டிரைவரை நான் பார்த்த பார்வையில் அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். நர்ஸிடம் ஓடினேன். அவர் நிதானமாக, "நீங்க இத்தனை நாளா இல்லை இல்லைன்னு சொன்னீங்க. இப்ப ஆமாம்னு சொல்றீங்க. எதை நம்பறது? டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்லேருந்து வரட்டும், பேஷன்ட் தானே சொல்லட்டும்" என்றார். நியாயம்தான்.

டாக்டரம்மா வரும்வரை எனக்கு நிலைகொள்ளவில்லை. மாமா சொன்னது நிஜம்தானா, இல்லை இரண்டாவது ஆபரேஷனுக்குப் பயந்து இப்போது ஆமாம் என்கிறாரா என்று ஒரு பாழாய்ப்போன சந்தேகம் வேறு வந்து உட்கார்ந்துகொண்டது. பயந்தவன் எதையும் சொல்வான். எத்தனை பேர் என்னிடம், பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன் சார் என்று பார்க்காமலே சத்தியம் செய்திருக்கிறார்கள்!

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். பின்னால் வழக்கம்போல் அந்தக் கூட்டம். நர்ஸ் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், ஒரு பெண் டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் எழுந்தேன்.

"நான் வெளியே இருக்கேன் மாமா. நீங்க தாராளமா பேசுங்க."

இரண்டடி வைத்திருப்பேன். என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஊசி குத்தி நீலம் பாரித்த கை.

"இருங்க மாப்பிள்ளை."

"இல்லை மாமா, உங்களுக்குச் சங்கடமா..."

"இருங்க. தனியா இருக்க பயமா இருக்கு."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நின்றேன். கையை அவர் விடவில்லை.

"என்ன ஐயா," என்றார் டாக்டரம்மா. "காத்து பிரிஞ்சுதா?"

மாமா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கூரையைப் பார்க்கவில்லை.

"பிரிஞ்சுது டாக்டர். நேத்து ஒண்ணு, இன்னிக்கு மூணு. கடைசி ஒண்ணு இப்ப, அரைமணி நேரம் முன்னாடி. இவரு இங்கேயேதான் இருந்தாரு. இவருக்குக் கேக்கலை."

எனக்குக் கேட்கத்தான் கேட்டது. ஆனால் லாரி டிரைவர் கணக்கில் எழுதிவிட்டேன். அந்த மனுஷர் இப்போது படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "அப்பாடா! என் தலையில விழுந்த பழி தீர்ந்துச்சு!" என்று கைதட்டினார். எதிர் வரிசையில் இரண்டு பேர் கூடச் சேர்ந்து தட்டினார்கள். பயிற்சி டாக்டர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். மாமாவுக்கு முகம், கழுத்து, காது எல்லாம் சிவந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து நாலு பக்கமும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டார். விரலால் தட்டிப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். குழாயின் பையைத் தூக்கி, காலையிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நிமிர்ந்தார்.

"நல்லா ஓடுது. சத்தம் காலையில இருந்ததைவிட நல்லா கேக்குது. வயிறும் தளர்ந்திருக்கு. குழாயை இப்ப மூடி வைப்போம். வாந்தி இல்லேன்னா எடுத்துடலாம்." மாமாவின் தோளில் தட்டினார். "ஐயா, உங்க கௌரவத்துக்காக நான் உங்க வயித்தை இன்னொரு தடவை வெட்டியிருப்பேன். தெரியுதா?" பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்களும்தான் சார். ஆபரேஷன் அவருக்குத்தானே, அவர்கிட்ட சொல்றதுக்கென்ன?"

வாங்கிக்கட்டிக்கொண்டோம், இருவரும் ஒன்றாக. திட்டு இவ்வளவு இனிக்கும் என்று நான் நினைத்ததில்லை. வெளியே போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவிக்குப் போன் செய்தேன். "பிரிஞ்சுதாம்" என்பதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை. அந்தப் பக்கம் அவள், "அம்மா! அம்மா! அப்பாவுக்குப் பிரிஞ்சுடுச்சாம்மா!" என்று வீடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடியது கேட்டது.

அடுத்த நாள் குழாயை எடுத்தார்கள். நர்ஸ் ஒரு சின்ன டம்ளரில் தண்ணீரும் ஒரு ஸ்பூனும் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "நாலு ஸ்பூன்தான். ஒரு மணி நேரம் கழிச்சு அடுத்தது. அதிகமா குடுத்தீங்கன்னா வாந்தி வந்துடும்."

முதல் ஸ்பூனை மாமாவின் வாயருகே கொண்டுபோனேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். உடனே விழுங்கவில்லை. வாயிலேயே வைத்திருந்து, மெதுவாக இறக்கினார். இரண்டு. மூன்று. நாலாவதை முடித்துக் கண்ணைத் திறந்தார்.

"இன்னொண்ணு குடுங்க மாப்பிள்ளை."

"நாலுதான் மாமா சொன்னாங்க."

"ஒரே ஒரு ஸ்பூன். நர்ஸ் அந்தப் பக்கம்தானே போயிருக்காங்க."

"மாட்டேன்."

"என்ன மாப்பிள்ளை நீங்க? ஒரு வாய் தண்ணிக்கு இவ்வளவா?"

"மாட்டேன்னா மாட்டேன்தான். கேக்காதீங்க."

டம்ளரை எடுத்து அவர் கைக்கு எட்டாத ஜன்னல் திட்டில் வைத்தேன். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். "மாமா" என்றேன். பதில் இல்லை. "கோவமா மாமா?" முதுகுதான் தெரிந்தது. எந்த நர்ஸ் மேலும் டாக்டர் மேலும் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. உரிமை இல்லாத இடத்தில் அவர் கோபித்துக்கொள்கிற மனிதர் இல்லை.

பார்வை நேரத்தில் மனைவி பையும் கையுமாக ஓட்டமும் நடையுமாக வந்தாள். வார்டு வாசலிலேயே அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்னங்க? அப்பாவுக்கு என்ன?"

"உங்கப்பா என்கிட்ட பேசமாட்டேங்கறாரு," என்றேன். சொல்லும்போதே என் குரல் உடைந்துவிட்டது. "என்மேல கோவமாம்."

அவள் பையைத் தரையில் வைத்துவிட்டு, அத்தனை பேர் நடந்து போகிற வராந்தாவில், என் கையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.